உதவியாளரா? தாதியா?

காரைக்கால் பிரதேசத்தைச் சேர்ந்த விழிதியூர், காவிரியின் கிளைநதிகள் கடலை நெருங்கும் கடைமடைப் பூமியில் உள்ள சிறு கிராமம். அங்கே வயலில் நடவு நட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஸ்திரீயை அந்தி வேளையில் பாம்பு தீண்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அல்லது, நள்ளிரவில் பேதி கண்டு, கண் குழிந்து, நாக்கு வறண்டு ஒரு குழந்தை கிடப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களை முதன்முதலில் தொட்டுப் பார்க்கும் கை யாருடைய கை? பெரும்பாலும் அது டாக்டரின் கையாக இருப்பதில்லை. தாதியின் கையாகத்தான் இருக்கிறது. இதை அறியாத கிராமவாசி இல்லை; அறியாதவை சட்டப் புத்தகங்களே.

டாக்டர்கள் போதாத குறையை நீக்க, டாக்டருக்கும் தாதிக்கும் இடைப்பட்ட ஒரு தொழிலாளரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற பேச்சு நமது நாட்டில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. இவ்விஷயத்தில் இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. ஒன்று ‘பிஸிஷியன் அஸிஸ்டெண்ட்’. நாம் அவரை வைத்திய உதவியாளர் என்று அழைப்போம். மற்றொன்று ‘நர்ஸ் பிராக்டிஷனர்’. சிகிச்சை செய்யும் அதிகாரம் பெற்றவர் ஆதலால் சிகிச்சைத் தாதி என்று சொல்லலாம். இரண்டும் ஒன்றே என்று எண்ணுவோர் நம்மிடையே அநேகர். அதிகாரிகளிலும் அப்படி எண்ணுவோர் உண்டு. பெயர்க் குழப்பம் என்றால் தள்ளிவிடலாம். ஆனால் இக்குழப்பத்தில் கிராமாந்தர ஏழைகளின் உயிர் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

இரு தொழில்களும் பிறந்தது அமெரிக்காவில், அதுவும் ஒரே வருஷத்தில். 1965ல் வட கரோலினாவிலுள்ள டியூக் சர்வகலாசாலையில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் வைத்திய ஊழியம் செய்து திரும்பிய நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு முதல் உதவியாளர் வகுப்பைத் தொடங்கினார். அவர்களில் மூவர் 1967ல் தேறி வெளிவந்தனர். யுத்தகளத்தில் காயம் கட்டிப் பழகிய அவர்களுடைய திறமை, ஊருக்குத் திரும்பியதும் வீணாவதைக் கண்டுதான் ஸ்டெட் இந்த யோசனைக்கு வந்தார். அதே 1965ல் கொலராடோ சர்வகலாசாலையில் லோரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும், ஹென்றி ஸில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து, அனுபவமுள்ள நர்ஸுகளுக்கு மேற்பயிற்சி அளித்து, டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களில் குழந்தைகளைக் கவனிக்க அனுப்பினார்கள்.

பிறந்த வருஷம் ஒன்றாயினும் பிறப்பின் தன்மை வேறு. உதவியாளர் டாக்டரின் படிப்பையே சுருக்கிக் கற்றவர். அவர் கல்வி வியாதியிலிருந்து தொடங்குகிறது. அறுவைக் கூடத்திலும், இருதய விடுதியிலும், எலும்பு முறிவுப் பகுதியிலும், எங்கே டாக்டர் இருக்கிறாரோ அங்கே அவருக்கு வலக்கையாக நிற்பதே அவர் தொழிலின் மூலதர்மம். ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு அவர் எளிதில் மாறலாம். சிகிச்சைத் தாதியோ முதலில் தாதி, பிறகே சிகிச்சையாளர். அவர் கல்வி நோயாளியிலிருந்து தொடங்குகிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், அபாய நிலையில் கிடப்போர் என்று ஏதேனும் ஒரு வகுப்பாரைத் தமக்குரியவராக ஏற்று, அவர்களைப் பற்றி மேலே படிக்கிறார். இன்று அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட ராஜ்யங்களில் அவர் டாக்டரின் மேற்பார்வையின்றித் தாமே நோயறிந்து மருந்து எழுத உரிமை பெற்றிருக்கிறார். உதவியாளரும் அங்கே எல்லா ராஜ்யங்களிலும் மருந்து எழுதுகிறார். ஆனால் பெரும்பாலும் ஒரு டாக்டரோடு பிணைக்கப்பட்ட நிலையில்தான். இந்தப் பிணைப்பைத் தளர்த்த வேண்டுமென்று அவர்கள் போராடுகிறார்கள். தங்கள் பெயரிலுள்ள ‘அஸிஸ்டெண்ட்’ என்ற சொல்லே தங்களைத் தாழ்த்துகிறதென்று கருதி, 2021ல் அவர்களுடைய சங்கம் ‘அஸோஸியேட்’ என்று மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தது.

நமது நாட்டில் உதவியாளர் தொழில் தோன்றியது சென்னையில் என்பதில் தமிழர்கள் சிறிது பெருமை கொள்ளலாம். 1992ல் மதராஸ் மெடிக்கல் மிஷனில், பிரபல இருதய அறுவை வைத்தியர் கே.எம். செரியன் இப்படிப்பைத் தொடங்கினார். இருதய அறுவை என்பது ஒருவர் செய்யும் காரியமன்று. நோயாளியை ஆயத்தம் செய்யவும், காலிலிருந்து இரத்தக் குழாய் எடுத்துக் கொடுக்கவும், அறுவைக்குப் பின் இரவு பகலாகக் கண்காணிக்கவும் தேர்ந்த கைகள் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்த படிப்பு இன்று தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பட்டப்படிப்பாகப் பல கல்லூரிகளில் நடைபெறுகிறது. 2021ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய துணைநிலை, சுகாதாரத் தொழிலாளர் கமிஷன் சட்டத்தின் அட்டவணையிலும் இத்தொழிலுக்கு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

தாதியின் வழி இவ்வளவு நேரானதாக இல்லை. இந்திய நர்ஸிங் கௌன்ஸில், அபாய நிலை நோயாளிகளைக் கவனிக்கும் சிகிச்சைத் தாதிகளுக்கென இரண்டு வருஷ மேற்படிப்பை வகுத்தது. 2018 டிஸம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட பிரசவ சேவை விதிகள், தேர்ந்த தாதிக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி கொடுத்துப் பிரசவப் பொறுப்பை ஒப்படைக்கும் வழியைத் திறந்தன. அதே வருஷம் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், ஐயாயிரம் ஜனங்களுக்கு ஒன்று என்னும் உபநிலையங்களில் சமுதாய சுகாதார அதிகாரி என்ற பெயரில் வந்து அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதப் பயிற்சி பெற்ற நர்ஸுகளே. பெயரில் அதிகாரி, அதிகாரம் எவ்வளவு என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது.

இடைநிலை வைத்தியர் என்ற எண்ணமே மேனாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கிய சரக்கு என்று சிலர் பேசுவதைக் கேட்கிறோம். இது சரித்திரம் அறியாத பேச்சு. 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்காலுக்கு இது பழைய கதை. பிரான்ஸில் 1803ஆம் வருஷத்துச் சட்டமே ‘ஒஃபிஸியே த ஸாந்தே’ என்ற இரண்டாந்தர வைத்தியரை உண்டாக்கிற்று. அவர் தாம் தேறிய ஜில்லாவுக்குள்ளேயே தொழில் நடத்த வேண்டும். பெரிய அறுவைகளை டாக்டர் ஒருவர் உடனிருந்தாலன்றித் தொடக்கூடாது. ஃப்ளோபேரின் புகழ்பெற்ற நாவலில் வரும் அசட்டுக் கணவன் சார்ல் பொவாரி இத்தகைய வைத்தியனே. 1892ல் பிரான்ஸ் அந்த வகுப்பை ஒழித்தது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒரு வைத்தியப் பள்ளி நடத்தினார்கள். இன்று 2016 முதல் காரைக்காலில் கிளை வைத்து நடத்தும் ஜிப்மருக்கு அந்தப் பள்ளியே மூதாதை.

பிரிட்டிஷ் இந்தியாவிலோ எல்.எம்.பி. வைத்தியர்கள் இருந்தார்கள். சர்வகலாசாலைப் பட்டமின்றி, வைத்தியப் பள்ளியில் சில வருஷம் படித்துத் தேறியவர்கள். 1946ல் ஸர் ஜோஸப் போர் கமிட்டியார் அறிக்கை வெளியிட்டபோது, பதிவு பெற்ற வைத்தியர் சுமார் 47,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் இவ்வகுப்பினரே. இனிமேல் ஒரே தரமான டாக்டர்தான் நாட்டுக்கு வேண்டும், பள்ளிகளை மூடிக் கல்லூரிகளாக்குக என்று கமிட்டியில் பெரும்பான்மையோர் சிபார்சு செய்தனர். கைக்கு எட்டிய வைத்தியரைக் கைவிடலாகாது என்று சிறுபான்மையோர் மாறுபட்டனர். பெரும்பான்மையே வென்றது. அக்கமிட்டியின் மற்றொரு கணக்கையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். அப்போது 6,300 பேருக்கு ஒரு டாக்டர் இருந்தார். நர்ஸோ 43,000 பேருக்கு ஒருவர்தான். டாக்டர் குறைவைப் பற்றி அன்று முதல் எவ்வளவோ பேசினோம். நர்ஸ் குறைவைப் பற்றிப் பேசியது மிகச் சொற்பம்.

அரைகுறை வைத்தியரை ஏழைகள் தலையில் கட்டுவது அநியாயம் என்பது டாக்டர்களின் வாதம். ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்ற பழமொழி, ஆயிரம் பேரைக் கொன்றவன் என்று நம் ஜனங்களின் வாயில் திரிந்து வழங்குவது காரணமில்லாமல் அல்ல. நகரத்துப் பணக்காரனுக்கு டாக்டர், கிராமத்து ஏழைக்கு உதவியாளர் என்று ஒரு ஜாதிப் பாகுபாடு வைத்தியத்திலும் புகுமானால் அதை முதலில் எதிர்ப்பவர்கள் நாமாகவே இருப்போம். 2019ஆம் வருஷத்துத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, ‘சமுதாய சுகாதாரம் அளிப்போர்’ என்ற ஒரு வகுப்புக்கு வரையறுத்த அனுமதி கொடுக்க இடம் செய்தது. டாக்டர்களின் மொத்தத் தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் அவர்கள் இருக்கலாம் என்றும், ஆரம்ப சிகிச்சையில் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதலாம் என்றும் அது கூறிற்று. அவ்வருஷம் ஜூலை 31ந் தேதி இந்திய மருத்துவ சங்கத்தார் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த வகுப்பில் சேரக்கூடியவர் யார், எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லாமல் விட்டதை அவர்கள் கண்டித்தது நியாயமே.

ஆனால் எதிர்ப்புக்கு எதிரான சாட்சியங்களும் உண்டு. சத்தீஸ்கர் ராஜ்யம் 2001ல் மூன்று வருஷப் படிப்பொன்றைத் தொடங்கிக் கிராம வைத்திய உதவியாளரைத் தயாரித்தது. வழக்குகளும் பெயர்ச் சண்டைகளுமாகச் சில வருஷங்களிலேயே அப்படிப்பு மூடப்பட்டது. அதற்குள் தேறியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலைக்கமர்ந்தார்கள். 2010ல் வெளியான ஓர் ஒப்பாய்வில், சாதாரண நோய்களை அறிந்து சிகிச்சை செய்வதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்று தெரிய வந்தது. அஸ்ஸாமும் இத்தகைய முயற்சி செய்தது. அதற்கென இயற்றிய ராஜ்யச் சட்டம் செல்லாதென்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது; வைத்தியக் கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்திய சர்க்காரின் அதிகாரம் என்பது அதன் காரணம். ஆயினும் அப்படிப்பில் தேறியவர்கள் வரையறுத்த வேலையைத் தொடர்ந்து செய்ய, பின்னர் வந்த மற்றொரு சட்டத்தைக் கோர்ட்டு நிலைநிறுத்திற்று. புதுவை சட்டசபையார் இதில் அவசரப்பட்டுத் தனி வழி போகாதிருக்க இத்தீர்ப்பு ஓர் எச்சரிக்கை.

இங்கிலாந்தில் நடந்ததும் நமது கவனத்துக்குரியது. அங்கே உதவியாளரை ‘அஸோஸியேட்’ என்று பெயரிட்டு ஆஸ்பத்திரிகளிலும் குடும்ப வைத்தியர் நிலையங்களிலும் நிரப்பினார்கள். தங்களைப் பார்த்தவர் டாக்டர் என்றே எண்ணியிருந்த நோயாளிகள் பலர். கூக்குரல் எழுந்தது. சர்க்கார் நியமித்த பேராசிரியை கில்லியன் லெங் 2025 ஜூலையில் அறிக்கை வெளியிட்டார். பழையபடி ‘அஸிஸ்டெண்ட்’ என்றே அழைக்க வேண்டும்; நோய் இன்னதென்று இன்னும் நிச்சயிக்கப்படாத நோயாளியை, தேசிய அளவில் வகுத்த விதிகளுக்கு உட்பட்டாலன்றி, அவர்கள் முதலில் பார்க்கக்கூடாது என்றார். அதே இங்கிலாந்தில் தகுந்த பயிற்சி பெற்ற நர்ஸ் 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாமே எழுதும் உரிமை பெற்றிருக்கிறார். உதவியாளருக்கு அவ்வுரிமை இல்லை. நோயாளிக்கு யார் என்று தெரிந்த பெயர், தொழிலுக்கென்று வேரூன்றிய ஒரு சங்கம், கௌன்ஸில், ஒழுக்க விதி, பல தலைமுறை அனுபவம் ஆகிய எல்லாம் நர்ஸுக்கு முன்பே இருந்தன. உதவியாளருக்கு அவை இனித்தான் உண்டாக வேண்டும். இந்த வித்தியாசத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

இனிக் காரைக்காலுக்குத் திரும்புவோம். 2022 ஜூலையில் இப்பிரதேசத்தில் வாந்திபேதி பரவி, பொது சுகாதார நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வயிற்றுப்போக்குக்குச் சிகிச்சை பெற்றனர். உயிர்ச்சேதமும் நேர்ந்தது. காலரா என்பது வைத்திய சாஸ்திரத்தில் கடினமான நோயன்று. இழந்த நீரையும் உப்பையும் காலத்தில் திரும்பக் கொடுத்தால் அநேகமாக எல்லோரும் பிழைப்பார்கள். காலம் தாழ்ந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும். இங்கே வேண்டியது பெரிய படிப்பன்று, அருகிலிருக்கும் கை. எவனுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும், எவனுக்கு உடனே நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும், எவனை வண்டியில் ஏற்றிக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் கண்.

அந்தக் கண்ணும் கையும் தாதியிடம் இருக்கின்றன. சட்டந்தான் அவளுக்குப் பின்னால் இல்லை. 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளின்படி எச் அட்டவணையிலுள்ள மருந்துகளைக் கடையில் வாங்கப் பதிவு பெற்ற வைத்தியரின் சீட்டு வேண்டும். காலராவுக்குக் கொடுக்கும் கிருமிநாசினிகளும் அவ்வட்டவணையில் உள்ளவையே. சர்க்கார் திட்டங்களில் குறிப்பிட்ட சிலவற்றைத் தாதி கொடுக்க விதிவிலக்கு உண்டு. டாக்டர் எழுதிய நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் மாதாமாதம் எடுத்துக் கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் தொலைபேசித் திரையில் டாக்டரைத் தேடலாம். திரையில் டாக்டர் கிடைக்காத நேரத்தில்? அப்போது அவள் செய்தால் சட்ட மீறல். செய்யாவிட்டால் ஒரு குழந்தையின் சாவு. இந்தத் தர்மசங்கடத்தில் ஓர் ஊழியரை நிறுத்திவிட்டு, அவளுடைய தியாகத்தை மேடையில் புகழ்வது நமக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. உதவியாளர் வேண்டியதில்லை என்று நாம் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில், அறுவைக் கூடங்களில், நூறு நோயாளிகளுக்கு ஒரு டாக்டர் அல்லாடும் விடுதிகளில் அவருக்கு உரிய இடமும் உரிய சம்பளமும் கொடுக்க வேண்டும். டாக்டர் செய்ய வேண்டிய வேலையைக் குறைந்த கூலிக்கு வாங்கும் வழியாக முதலாளிகள் அவரைப் பயன்படுத்தாதபடி சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் டாக்டரே இல்லாத கிராமத்துக்கு டாக்டரின் உதவியாளரை அனுப்புவதில் பொருள் இல்லை. யாருக்கு உதவியாளர்? அவருடைய கல்வியே ஒருவரைச் சார்ந்து நிற்பதற்காக வகுக்கப்பட்டது. விழிதியூர் போன்ற இடத்துக்கு வேண்டியவர், தனித்து நிற்கப் பயின்ற சிகிச்சைத் தாதியே. சத்தீஸ்கர் உதவியாளர் தனித்து நின்று காட்டினாரே என்று கேட்கலாம். வாஸ்தவந்தான். ஆனால் அவர் பெயரளவில்தான் உதவியாளர். படிப்பால் பழைய எல்.எம்.பி. வைத்தியர். சென்னையில் பட்டம் பெறும் அறுவைக் கூட உதவியாளரை அவரோடு ஒன்றாக எண்ணக் கூடாது.

தாதிக்கு அதிகாரம் கொடுப்பது என்றால் ஆறு மாதப் பயிற்சியும் ஒரு பெயர்ப் பலகையும் கொடுப்பதன்று. பட்டம் பெற்று, ஆஸ்பத்திரியில் சில வருஷம் ஊழியம் செய்தவரையே எடுக்க வேண்டும். அதற்குமேல் ஆரம்ப சிகிச்சைக்கென்றே முழுப் படிப்பு வேண்டும். பாம்புக்கடி, பேதி, குழந்தைக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், கர்ப்பிணியின் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகிய கடைமடை நோய்களுக்கு எந்த மருந்தை எந்த அளவில் தாமே தொடங்கலாம், எந்த அறிகுறி கண்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் மேலே அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் வகுக்க வேண்டும். அவர் எழுதும் சீட்டு மருந்துக் கடையில் செல்லுபடியாக வேண்டும். தவறினால் விசாரிக்கும் பொறுப்பு அவருடைய கௌன்ஸிலுக்கு இருக்க வேண்டும். 1947ஆம் வருஷத்து நர்ஸிங் கௌன்ஸில் சட்டத்துக்குப் பதிலாக 2023ல் தேசிய நர்ஸிங், பிரசவத் தாதிகள் கமிஷன் சட்டம் நிறைவேறியிருக்கிறது. இவையெல்லாம் அதன்கீழ் வகுக்கும் விதிகளில் இடம் பெற வேண்டும். ஒப்பந்தக் கூலியாக வருஷத்துக்கு வருஷம் வேலை நீடிக்குமோ என்று அஞ்சும் ஊழியரிடம் உயிர்ப் பொறுப்பை ஒப்படைப்பதும் முறையன்று.

புதுவைத் தலைநகரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில், நடுவே தமிழ்நாட்டு ஜில்லாக்கள் குறுக்கிடத் தனித்துக் கிடப்பது காரைக்கால். இதன் கிராமங்களுக்கு டாக்டர்களை அனுப்பினால் போதும், தாதிகள் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். அனுப்பட்டும், மகிழ்ச்சியே. அனுப்பிய டாக்டர் இரவிலும் ஊரிலேயே தங்குவார் என்பதற்கு மட்டும் யாரும் ஜாமீன் கொடுக்க முன்வரமாட்டார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இதை நமது ஆண் நேயர்கள் சற்று மனம்விட்டு யோசிக்க வேண்டும். நர்ஸுகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெண் ஒருத்தி தன் கையெழுத்திட்டு மருந்து எழுதுவதா என்ற கூச்சம், தரம் தாழும் என்ற வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று நாம் சந்தேகிக்கிறோம். தமிழ்நாட்டிலும் காரைக்காலிலும் படித்த பெண்கள் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஆண்டுதோறும் விமானம் ஏறுகிறார்கள். மேற்படிப்பு முடித்து லண்டனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குக் காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுக்கும் அதே பெண், விடுமுறையில் ஊருக்கு வந்து தன் தாய்க்கு அதே மருந்தை எழுதினால் காரைக்கால் மருந்துக் கடைக்காரர் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.